வைஃபை இழுத்தால் முதலில் புளூடூத்தைப் பாருங்கள்

(தோட்டக் கலாசார மண்டபத்தில் பெற்றோர், பிள்ளைகள் மத்தியில் எமது குழுவினர் ஆற்றிய உரை. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன் தரப்படுகிறது.)



ஞாயிற்றுக்கிழமை என்றால் துணி துவைக்க, விறகு பொறுக்க, டவுனுக்குப் போக என்று உங்களுக்கு ஆயிரம் வேலை கிடக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நீட்டி முழக்காமல் விடயத்துக்கு வருகிறோம்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ குடும்பங்கள் கடன்பட்டு, சீட்டுப் போட்டு, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் காசில் ஒரு லெப்டொப் வாங்கியிருக்கிறீர்கள். காம்பராவில் ஒரு ரவுட்டர் வைத்திருக்கிறீர்கள். இல்லையென்றால் போனில் இருந்து ஹொட்ஸ்பொட் போட்டுக் கொடுக்கிறீர்கள். இவ்வளவும் செய்த பிறகு “நெட் வேலை செய்யல்ல, இழுக்குது” என்று பிள்ளை சொன்னால் தகப்பன் என்ன செய்கிறார்? கடைக்குப் போய் இன்னொரு ரீலோட் போடுகிறார். அதுவும் சரிவராவிட்டால் லெப்டொப்பை பையில் போட்டுக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறுகிறார். ஒரு நாள் பேரும் போச்சு, பஸ் காசும் போச்சு, திருத்தக் கூலியும் போச்சு.

இந்தச் செலவில் ஒரு பகுதி தேவையே இல்லாதது. காம்பராவுக்கு உள்ளேயே, காசில்லாமல் கண்டுபிடிக்கக் கூடிய ஒரு கோளாறு இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம்.

எங்கள் குழு போய்வரும் தோட்டங்களில் ஒன்றில் உயர்தரம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை. பின்னேரத்தில் ஒன்லைன் வகுப்பு. லயத்தில்தான் தெரியுமே, இந்தப் பக்கத்து வீட்டில் டிவி, அந்தப் பக்கத்து வீட்டில் குழந்தை அழுகை. டீச்சர் சொல்வது கேட்காது. தீபாவளிக்கு வந்த அண்ணன் தங்கச்சி படும் பாட்டைப் பார்த்து ஒரு புளூடூத் ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வாரத்தில் இருந்து வகுப்பு வெட்டி வெட்டி வரத் தொடங்கியது. டீச்சர் பெயரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டால் இவள் சொல்லும் பதில் பாதிதான் போய்ச் சேரும். இரண்டு, மூன்று தடவை வகுப்பில் இருந்தே தூக்கி வெளியே போட்டுவிட்டது.

தகப்பன் நல்ல மனிதர். உண்மையா என்று பார்ப்போம் என்று, வகுப்பு முடிந்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு லெப்டொப்பில் ஒரு பாட்டுப் படத்தைப் போட்டுப் பார்த்தார். தடங்கல் இல்லாமல் ஓடியது. மறுநாளும் பார்த்தார், ஓடியது. அவர் வேறென்ன நினைப்பார்? “பாட்டு நல்லாத்தானே ஓடுது, கிளாஸ் மட்டும் எப்புடி வெட்டும்? புள்ள படிக்காம சாக்குச் சொல்லுது.” அதற்குள் இரண்டு தடவை கூடுதலாக ரீலோட் போட்டாயிற்று. டவுனில் ஒரு கடையில் காட்டி, உள்ளே இருக்கும் வைஃபை கார்டையும் மாற்றியாயிற்று. கோளாறு அப்படியே இருந்தது. கடைசியில் லெப்டொப்பை ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். பிள்ளை அழுது பார்த்தது, பிறகு பேசாமல் இருந்துவிட்டது. நாங்கள் வேறு அலுவலாகப் போனபோது தாய்தான் இந்தக் கதையைச் சொன்னார்.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. தகப்பன் கண்ணால் கண்டதும் பொய்யில்லை. ஹெட்செட் வேலை செய்யும் நேரத்தில் வைஃபை நொண்டியது, ஹெட்செட்டைக் கழற்றினால் வைஃபை எழுந்து நடந்தது. அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். விளங்கிவிட்டால் மருந்து தானாகவே பிடிபடும்.

வைஃபையும் புளூடூத்தும் இரண்டுமே வானொலி அலைகள்தான். ரவுட்டர் பெட்டியில் 2.4 என்றும் 5 என்றும் இரண்டு எண்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை அலைவரிசைகள். கிகாஹேர்ட்ஸ் என்று சொல்வார்கள். இதில் 2.4 என்பது யாரும் தனி அனுமதிப் பத்திரம் இல்லாமல் பாவிக்கக் கூடிய பொது இடம். வைஃபை அங்கே இருக்கிறது. புளூடூத் அங்கேதான் இருக்கிறது. வயர் இல்லாத மவுசில் பெரும்பாலானவையும் அங்கேதான். பங்களாக்களில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு கூட அதே இடத்தில்தான் இரைச்சல் போடும்.

உங்களுக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறோம். 2.4 என்பதை ஒரு தேயிலை மலை என்று வையுங்கள். ஹெட்செட்டுகளில் வழக்கமாக இருக்கும் புளூடூத் அந்த மலையை 79 நிரையாகப் பிரித்து வைத்திருக்கிறது. வைஃபை ஒரு பெரிய கூட்டம் மாதிரி. ஏறத்தாழ 20 நிரையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரிடத்திலேயே நின்று கொழுந்து எடுக்கும். புளூடூத் ஒற்றை ஆள். ஆனால் ஒரு நிரையில் நிற்க மாட்டார். ஒரு செக்கனுக்கு 1600 தடவை நிரைக்கு நிரை தாவிக்கொண்டே இருப்பார். தாவும்போது வைஃபை நிற்கும் நிரைகளிலும் காலை வைக்கத்தானே வேண்டும்? அந்த நேரத்தில் வைஃபை அனுப்பிய செய்தி சிதைந்துவிடும். சிதைந்ததை மறுபடி அனுப்ப வேண்டும். மறுபடியும் சிதைந்தால் இன்னொரு தடவை. இப்படி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் நாம் “இழுக்குது” என்கிறோம்.

(இடையில் ஒரு பிள்ளை புளூடூத் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டது. நீலப் பல் என்று அர்த்தம். டென்மார்க்கில் பத்தாம் நூற்றாண்டில் இருந்த ஹரால்ட் என்ற அரசனுடைய பட்டப் பெயர் அது. பிரிந்து கிடந்தவர்களை ஒன்றாக்கிய அரசன் என்பதால், கருவிகளை ஒன்று சேர்க்கும் இந்த முறைக்கு அவன் பெயரை வைத்தார்கள்.)

இந்தக் கருவிகளைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2003ஆம் ஆண்டில் வந்த புளூடூத் பதிப்பில் இருந்து ஒரு புத்தியைச் சேர்த்தார்கள். எந்த நிரையில் வைஃபை கூட்டம் நிற்கிறது என்று பார்த்து, அந்த நிரைகளை விட்டுவிட்டு மற்றதில் தாவும் வழி அது. இதனால் தொல்லை நிறையக் குறைந்தது உண்மை. ஆனால் ஒழியவில்லை. நம் லயத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பரா. நாலைந்து வீட்டில் ரவுட்டர், மற்ற வீடுகளில் ஹொட்ஸ்பொட். ஆளுக்கு இருபது நிரை பிடித்தால் மலையில் வெறும் நிரை எங்கே மிஞ்சும்?

இன்னொரு காரணம் லெப்டொப்புக்கு உள்ளேயே இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் இதுதான் பெரிய காரணம். பெரும்பாலான லெப்டொப்களில் வைஃபையும் புளூடூத்தும் விரலளவு அகலமுள்ள ஒரே கார்டில் இருக்கின்றன. விலை குறைந்த லெப்டொப்களில் இரண்டுக்கும் ஒரே அன்டெனா. மடுவத்தில் ஒரே தராசு, இரண்டு வரிசை மாதிரி. ஒருவர் நிறுக்கும்போது மற்றவர் கூடையோடு காத்து நிற்க வேண்டும். பாட்டுக் கேட்கும்போது புளூடூத் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் ஹெட்செட்டின் மைக்கையும் சேர்த்துப் பாவித்துப் பேசத் தொடங்கினால், குரல் போகவும் வரவும் அதற்கென்று இத்தனை நொடிக்கு ஒரு முறை என்று தவறாமல் நேரம் ஒதுக்கியாக வேண்டும். அப்போது வைஃபை பாடு திண்டாட்டம். வகுப்பு நேரத்தில் கூடுதலாக வெட்டுவது இதனால்தான்.

பாட்டுப் படம் நன்றாக ஓடுவதற்கும் காரணம் இருக்கிறது. படம் முன்கூட்டியே கொஞ்சத்தை இறக்கி வைத்துக்கொண்டு ஓடும். நடுவில் சில செக்கன் தடங்கல் வந்தாலும் நமக்குத் தெரியாது. வகுப்பு அப்படி இல்லை. டீச்சர் இப்போது பேசுவது இப்போதே வர வேண்டும். ஆகவே “யூடியூப் ஓடுது, அப்ப நெட் நல்லாயிருக்கு” என்ற தீர்ப்பு சரியில்லை. பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் நெட் மெதுவாவதற்குப் பெரும்பாலும் காரணம் டவர்தான். மலை மறைக்கிறது, மழை நாளில் கரண்ட் போகிறது, மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பாவிக்கிறார்கள். அதற்கு லெப்டொப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆகவே கோளாறு வெளியிலா, காம்பராவுக்கு உள்ளேயா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சுலபமான வழி இது. லெப்டொப் இழுக்கும் அதே நேரத்தில், அதே ரவுட்டரில் போனையும் இணைத்துப் பாருங்கள். போனில் புளூடூத் அணைந்திருக்கட்டும். போனிலும் இழுத்தால் கோளாறு பெரும்பாலும் வெளியில். போனில் நன்றாக ஓடி லெப்டொப்பில் மட்டும் இழுத்தால் லெப்டொப்பைச் சந்தேகிக்கலாம். இப்போது லெப்டொப்பில் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். ஹெட்செட்டை மட்டும் நிறுத்துவது போதாது, லெப்டொப்பில் உள்ள புளூடூத்தையே நிறுத்த வேண்டும். திரையின் வலது பக்க மூலையில் திறக்கும் சிறு பெட்டியில் புளூடூத் பொத்தான் இருக்கும். புளூடூத் மவுஸ் இருந்தால் அதுவும் நின்றுபோகும், பயப்பட வேண்டாம். பிறகு லெப்டொப்பின் சொந்த ஸ்பீக்கரில் வகுப்பைக் கேட்டுப் பாருங்கள். வெட்டாமல் வந்தால் கள்ளன் அகப்பட்டான்.

கொஞ்சம் கொம்பியூட்டர் பழகிய பிள்ளைகளுக்கு இன்னும் துல்லியமான ஒரு வழி உண்டு. ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1, சில ரவுட்டர்களில் 192.168.8.1. அதுதான் ரவுட்டரின் விலாசம். லெப்டொப்பில் கொமாண்ட் புரொம்ப்ட் என்ற கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலத்தில் பி, ஐ, என், ஜி என்ற நான்கு எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை அடித்து என்டர் கொடுங்கள். லெப்டொப் ரவுட்டரைக் கூப்பிடும். ரவுட்டர் பதில் சொல்ல எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று நான்கு வரி வரும். ஹெட்செட்டில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை, புளூடூத்தை அணைத்துவிட்டு ஒரு தடவை செய்யுங்கள். இதில் டவருக்கு வேலையே இல்லை. லெப்டொப்புக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள சில அடி தூரத்தை மட்டும்தான் அளக்கிறோம். அதனால் டேட்டாவும் செலவாகாது. நாம் சொன்ன அந்தப் பிள்ளையின் லெப்டொப்பில் புளூடூத் இல்லாதபோது ஒற்றை எண்ணில் வந்த கணக்கு, ஹெட்செட்டில் பேசத் தொடங்கியதும் முந்நூறைத் தாண்டியது. சில கூப்பாட்டுக்குப் பதிலே வரவில்லை. தகப்பன் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. போய் ட்ரங்குப் பெட்டியின் திறப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

இனி மருந்து. எல்லாவற்றிலும் மலிவானதும் நிச்சயமானதும் வயர் ஹெட்செட்தான். பழைய சாமான் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், தெரியும். ஆனால் வகுப்புக்கு அதற்கு மிஞ்சி ஒன்றில்லை. சார்ஜ் போடத் தேவையில்லை, குரலும் தெளிவாகப் போகும். புளூடூத் ஹெட்செட்டை பாட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஹொட்ஸ்பொட் பாவிக்கும் வீடுகளுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. போனை சார்ஜ் போடும் வயரால் லெப்டொப்போடு இணையுங்கள். அந்த வயர் சார்ஜுக்கு மட்டும் ஆனதாக இல்லாமல், படம் ஏற்றி இறக்கக் கூடியதாக இருக்க வேண்டும். போனில் ஹொட்ஸ்பொட் இருக்கும் அதே இடத்தில் யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். இப்போது நெட் வயர் வழியாகப் போகிறது. வைஃபையே தேவையில்லை, ஆகவே இடைஞ்சலும் இல்லை. போனும் சார்ஜ் ஆகும். அதேபோல ரவுட்டரின் பின்பக்கத்தில் லேன் துளை இருந்தால், அதில் இருந்து லெப்டொப்புக்கு ஒரு வயர் போடலாம்.

ஹொட்ஸ்பொட் வீடுகளுக்கு இன்னொன்று. தகப்பனின் போனில் இருந்து பிள்ளைக்கு ஹொட்ஸ்பொட் போகிறது, அதே போனில் இருந்து புளூடூத் ஸ்பீக்கருக்குப் பாட்டும் போகிறது. லெப்டொப்புக்குள் நடக்கும் அதே இழுபறி அந்தப் போனுக்குள்ளும் நடக்கலாம். வகுப்பு முடியும் வரை பாட்டை நிறுத்தி வையுங்கள், அய்யா.

வயர் வேண்டாம், புளூடூத்தும் வேண்டும் என்றால் வைஃபையை 5க்கு மாற்ற வேண்டும். புளூடூத் அந்த மலைப்பக்கமே போகாது. ரவுட்டரில் இரண்டும் இருந்தால் இரண்டு பெயர் காட்டும், அல்லது ஒரே பெயரில் இரண்டும் இருக்கும். விண்டோஸில் வைஃபை விபரத்தைத் திறந்தால் எந்த சனலில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். 1 முதல் 13 வரை என்றால் அது 2.4. 36 அல்லது அதற்கு மேல் என்றால் 5. போனில் ஹொட்ஸ்பொட் போடுகிறவர்களும் பார்க்கலாம், பல போன்களில் ஹொட்ஸ்பொட்டை 5க்கு மாற்ற இடம் உண்டு. ரவுட்டர் 5ஐத் தனிப் பெயரில் காட்டுகிறது, போன் பிடிக்கிறது, லெப்டொப்பில் மட்டும் அந்தப் பெயரே வரவில்லை என்றால் அந்த லெப்டொப்பில் 5 இல்லை என்றே கொள்ளலாம். 5இல் ஒரு குறையும் இருக்கிறது. அது சுவரைத் துளைத்துப் போவதில் வலுக் குறைந்தது. பழைய லயத்தின் கல்சுவருக்கு அந்தப் பக்கம் குசினியில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு அது எட்டாமல் போகலாம். தகரம் இரண்டையுமே மறிக்கும். ரவுட்டரை டவர் சிக்னலுக்காக ஜன்னலோரம் வைக்கிறோம், சரி. பிள்ளையின் மேசையையும் அந்த ஜன்னல் பக்கம் தள்ளிப் போடுங்கள்.

2.4 மட்டும் உள்ள ரவுட்டர் என்றால் அதற்குள் போய் சனலின் அகலம் 40 என்று இருப்பதை 20 ஆக்குங்கள். 40இல் விட்டால் மலையில் பாதியை அதுவே பிடித்துக்கொள்ளும், புளூடூத்துக்குத் தாவ இடம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் உபத்திரவம். லயத்தில் உள்ளவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரு வீடு 1, அடுத்த வீடு 6, அதற்கடுத்தது 11 என்று சனலைப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. தண்ணீர்ப் பைப்புக்கு முறை வைக்கும் நமக்கு இது பெரிய காரியமா?

கடைசியாக ஒரு சின்ன விடயம். லெப்டொப்பின் பக்கத்தில் செருகும் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் போன்றவற்றில் யூஎஸ்பி 3 என்ற வேகமான வகை 2.4 அலைவரிசையில் இரைச்சல் போடக்கூடியது. 2012இல் இன்டெல் கம்பனியே இதை ஆராய்ந்து எழுதி வெளியிட்டது. வயர் இல்லாத மவுசின் சிறு பொத்தானை அதற்குப் பக்கத்துத் துளையில் செருகினால் மவுஸ் தடுமாறும். மறுபக்கத் துளைக்கு மாற்றுங்கள். வகுப்பு நேரத்தில் தேவையில்லாத டிரைவைக் கழற்றி வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் சரிவராமல் கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், “நெட் ஸ்லோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். புளூடூத் போட்டால் இழுக்கிறதா, போடாவிட்டாலும் இழுக்கிறதா, போனில் எப்படி இருக்கிறது என்று செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. கார்டை மாற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னால், வைஃபை அதிகாரபூர்வ டிரைவரைப் புதுப்பித்துப் பார்த்தீர்களா, 5இல் போட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். காசு உங்களுடையது, கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பின் வரிசையில் இரண்டு பிள்ளைகள் லெப்டொப்பைக் கையோடு கொண்டு வந்திருக்கிறீர்கள். எங்களிடம் ஒரு ரவுட்டரும் இரண்டு ஹெட்செட்டும் இருக்கின்றன. இந்த மேசைக்குக் கொண்டு வாருங்கள், பி, ஐ, என், ஜி அடித்துப் பார்ப்போம். தகப்பன்மார் முன்னுக்கு வந்து நில்லுங்கள், அப்போதுதான் எண்கள் தெரியும்.